வீட்டுப் பெட்டகத்தை வைத்தே 12 தலைப்பும் முடிக்க முடியுமா?

இரண்டாங்கட்டு:

காரைக்குடிப் பக்கத்து வாசகர் வட்டம் ஒன்றின் ஓராண்டு வாசிப்புப் போட்டி. சித்திரை முதல் பங்குனி வரை 12 தலைப்பு, தலைப்புக்கு ஒரு புத்தகம். இந்த வருசம் நிபந்தனை கூடிவிட்டது: வாங்கக் கூடாது, இரவல் கூடாது, நூலகமும் கூடாது. சித்திரை முதல் தேதி வீட்டில் இருந்தது மட்டும்தான் செல்லும். ஒரு புத்தகத்தை ஒரு தலைப்புக்குத்தான் காட்டலாம்.

1. கடல் கடந்த ஊர்
2. சுதந்திரத்துக்கு முன் அச்சானது
3. செட்டிநாட்டில் பிறந்தவர் எழுதியது
4. பெண் எழுதியது
5. மொழிபெயர்ப்பு
6. கடிதம் அல்லது நாட்குறிப்பு
7. சிறுவர் நூல்
8. சமையல், தையல், வீட்டு வேலை
9. நாடகம்
10. 100 பக்கத்துக்குள்
11. 500 பக்கத்துக்கு மேல்
12. அன்பளிப்பாக வந்தது

இருப்பு: பெட்டகம் இரண்டு, கண்ணாடி அலமாரி ஒன்று, ஏறக்குறைய 280 புத்தகம். பாதிக்கு மேல் ஐயா காலத்துப் புத்தகங்கள்.

சந்தேகங்கள்: 280-க்கும் பட்டியல் போட்டுத்தான் ஆக வேண்டுமா? பல புத்தகத்தில் ஆண்டே போடவில்லை, சிலதில் "விய வருஷம்" என்று மட்டும் இருக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையைப் பிரித்து பைண்டு செய்த கட்டுகள் ஒன்பது இருக்கின்றன, அவை புத்தகக் கணக்கில் வருமா? மணிவிழா மலர், கும்பாபிஷேக மலர் எல்லாம்? 1930-களின் தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன, அவற்றை எப்படிப் படிப்பது?

---

பெட்டியடி:

ஆச்சி, 280-க்கும் பட்டியல் வேண்டாம். பழைய கடைக் கணக்கு முறையே போதும்: முதலில் சிட்டை, பிறகு பேரேடு.

சிட்டை என்பது கைக்கு வந்த வரிசையில் எழுதுவது. புத்தகத்தை எடுத்ததும் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்க எண் மூன்றை மட்டும் பாருங்கள். 12 தலைப்பில் ஒன்றுக்கும் உதவாது என்றால் எழுதாமல் திரும்ப வையுங்கள். உதவும் என்றால் ஒரே வரி: பெயர், பக்கம், ஆண்டு, பொருந்தும் தலைப்பு எண்கள் *எல்லாம்*, தாளின் நிலை (நல்லது / மஞ்சள் / உதிர்வது). 280-ல் 70 வரி தேறினால் அதிகம். இந்தச் சுற்றில் எதையும் எந்தத் தலைப்புக்கும் ஒதுக்காதீர்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கண்ணில் பட்ட நல்ல புத்தகத்தை "ஆகா, இது பெண் எழுதியது" என்று உடனே 4-ல் போட்டுவிடுவார்கள். அது 8-க்குக் கிடைத்த ஒரே புத்தகம் என்பது மார்கழியில்தான் தெரியவரும்.

பிறகு பேரேடு. தலைப்புக்கு ஒரு பக்கம், 12 பக்கம். சிட்டையில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் அது பொருந்துகிற எல்லாப் பக்கத்திலும் ஏற்றுங்கள். மூன்று தலைப்புக்குப் பொருந்தினால் மூன்று இடத்திலும் பெயர் வரும். ஏற்றி முடித்ததும் எந்தப் பக்கத்தில் எத்தனை பெயர் என்று எண்ணுங்கள்.

ஒதுக்க வேண்டியது குறைந்த பெயர் உள்ள பக்கத்திலிருந்து. ஒரே பெயர் இருந்தால் யோசனையே இல்லை, அதுதான். ஒதுக்கியதும் அந்தப் புத்தகத்தை மற்ற பக்கங்களில் அடித்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும், ஏனென்றால் அடித்ததும் வேறொரு பக்கம் மூன்றிலிருந்து இரண்டாகியிருக்கும். 100 பக்கத்துக்குள், மொழிபெயர்ப்பு, அன்பளிப்பு மூன்றும் கடைசியில் தானாக நிரம்பும். அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம். 4, 8, 12 மூன்றுக்கும் சேர்த்து மொத்தமாக இரண்டே புத்தகம்தான் இருக்கிறது என்றால், எப்படிப் புரட்டினாலும் ஒரு தலைப்பு காலிதான். எந்த இரண்டு தலைப்பை எடுத்தாலும் வெவ்வேறான இரண்டு புத்தகமாவது, எந்த மூன்றை எடுத்தாலும் மூன்று புத்தகமாவது இருக்க வேண்டும். அது இல்லாத இடம்தான் நீங்கள் மறுபடி பெட்டகத்தைக் கிளற வேண்டிய இடம். மற்றதற்காக ஏணி ஏறி இறங்க வேண்டாம்.

எடுத்துக்காட்டு: மீனாட்சி அம்மாளின் *சமைத்துப் பார்*. 1951-ல் முதல் பாகம் வந்த நாளிலிருந்து கல்யாணச் சீரோடு வீடு வீடாகப் போன புத்தகம், உங்கள் பெட்டகத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். அது 4, 8, 12 மூன்றுக்கும் பொருந்தும். எங்கே வைப்பது என்பதை அதுவல்ல, மற்ற புத்தகங்கள் முடிவு செய்யும். 8-ல் வேறு ஆள் இல்லையென்றால் அது 8.

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு மாற்று குறித்து வையுங்கள். 50 பக்கம் தாண்டியும் ஓடவில்லை என்றால் மாற்றுக்குப் போய்விடலாம். ஆனால் ஒரே மாற்றை மூன்று தலைப்புக்கு எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

பேரேடு என்றதும் ஒன்று. ஐயாவின் ரங்கூன் கடைப் பேரேட்டையே 500 பக்கத்துக்கு மேல் என்று காட்ட முடியுமா என்று கேட்கத் தோன்றும். பக்கம் சரிதான், அச்சு இல்லை.

---

ஈயஎழுத்து:

ஆண்டு போடாத புத்தகம் பற்றி.

முதலில் தமிழ் வருடம். 60 ஆண்டுச் சக்கரத்தில் பிரபவ என்பது 1927 சித்திரையிலும் 1987 சித்திரையிலும் தொடங்கியது. உங்களுக்கு வேண்டியது முதல் சுற்று. தாது 1936, ஈஸ்வர 1937, வெகுதானிய 1938, பிரமாதி 1939, விக்கிரம 1940, விஷு 1941, சித்திரபானு 1942, சுபானு 1943, தாரண 1944, பார்த்திப 1945, விய 1946, சர்வசித்து 1947. எல்லாம் அந்தந்த ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குபவை. ஆகவே தை, மாசி, பங்குனி என்று மாதம் போட்டிருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். "விய வருஷம் தை" என்றால் 1947 ஜனவரி-பிப்ரவரி. மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டிலும் கால் வைக்கும். உங்கள் தலைப்பு 2-க்கு எல்லைக்கோடு சர்வசித்துவில் விழுகிறது: ஆடி வரை சரி, ஆவணி என்று இருந்தால் நாடு சுதந்திரம் அடைந்த பிறகு அச்சானது.

அடுத்தது தமிழ் எண். ௧௯௩௮ என்றும் இருக்கலாம், ௲௯௱௩௰௮ என்றும் இருக்கலாம், இரண்டும் 1938தான். பின்னதில் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. பக்க எண்ணிலும் இப்படி வரும். முன்னுரைக்குத் தனி எண் வரிசை போடும் வழக்கம் இருந்ததால், 100 பக்கத்துக்குள்ளா என்று பார்க்கும்போது நூலின் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒட்டிய புத்தக விளம்பரத்தைச் சேர்க்க வேண்டாம்.

தனித்தமிழ்ப் பற்றுள்ளவர்கள் திருவள்ளுவர் ஆண்டு போடுவார்கள். 31 கழித்தால் ஆங்கில ஆண்டு.

எந்த ஆண்டும் இல்லையென்றால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். தனித்தனியாக எதுவும் சாட்சி ஆகாது, இரண்டு மூன்று ஒத்துப்போனால் நம்பலாம்.

விலை: ரூ. 1-8-0 என்று மூன்று பகுதியாக இருந்தால் ரூபாய், அணா, பை. அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1-ல் முடிந்தது. "ந.பை." என்றால் நயா பைசா, 1957-க்கும் 1964-க்கும் நடுவே. விலையின் மேல் சீட்டு ஒட்டியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்து அடியில் இருப்பதைப் படியுங்கள். விற்காமல் தேங்கிய பிரதிக்குப் புது விலை ஒட்டுவது சாதாரணம்.

முகவரி: "சென்னை-17" என்று சிறிய எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழையது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகுதான். "புதுக்கோட்டை சமஸ்தானம்" என்று அச்சிட்டிருந்தால் சமஸ்தானம் இணைந்த 1948-க்கு முன்னால். ராயவரம், கோனாபட்டு, பொன்னமராவதிப் பக்கத்து வெளியீடுகளில் இது நல்ல துப்பு. காரைக்குடி, தேவகோட்டைக்கு "இராமநாதபுரம் ஜில்லா" என்று இருப்பது அவ்வளவு உதவாது. 1980-கள் வரைக்கும் இராமநாதபுரம்தான்.

எழுத்து: 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகள் மாறின. துதிக்கை போட்ட லை இருந்தால் அதற்கு முந்தைய அச்சு என்று பொதுவாகச் சொல்லலாம். இரண்டு விலக்கு உண்டு. பெரியாரின் இதழ்களும் அவர் இயக்க வெளியீடுகளும் 1935-லேயே புது எழுத்துக்கு வந்துவிட்டன. சிறிய அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்தை ஆணைக்குப் பிறகும் சில ஆண்டு ஓட்டின.

தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து அழுந்தியிருந்தால் ஈய அச்சு. வழவழப்பாக இருந்தால் ஆப்செட், அதாவது பெரும்பாலும் பிற்கால அச்சு. அட்டையில் "முதற்பதிப்பு 1940" என்று பெரிதாகப் போட்டு உள்ளே ஏழாம் பதிப்பு 1962 என்று இருக்கும் புத்தகங்கள் நிறைய. தலைப்பு 2 "அச்சானது" என்கிறது, "எழுதியது" என்று சொல்லவில்லை. கையிலிருக்கும் பிரதிதான் கணக்கு.

---

வசம்பு:

4-க்கு மூன்றுதான் கிடைக்கும் என்று பயப்படுகிறவர்கள் புனைபெயரைப் பார்ப்பதில்லை. லக்ஷ்மி, அநுத்தமா, குமுதினி, கிருத்திகா நால்வரும் பெண்கள். ஆர். சூடாமணி போல இனிஷியலோடு நிற்கும் பெயர்களையும் விடாதீர்கள். எதிர்ப்பக்கம் சுஜாதாவும் புஷ்பா தங்கதுரையும் ஆண்கள். அலமாரியை அவசரமாகப் பார்த்து 4-ல் ஏற்றி, மாதக் கடைசியில் வட்டத்தில் சிரிப்புக்கு ஆளாக வேண்டாம்.

ஐயா காலத்துப் பெட்டகம் என்றால் வை.மு. கோதைநாயகி அம்மாளைத் தேடுங்கள். 1925-லிருந்து *ஜகன்மோகினி* இதழை நடத்தியவர், நாவல் மட்டும் 115 எழுதியவர். ஒன்று கிடைத்தால் 2-க்கும் 4-க்கும் ஆகும்.

3-க்கு "பிறந்தவர் எழுதியது" என்று இருப்பதைக் கவனியுங்கள். வெளியிட்டவர் பிறந்த ஊர் செல்லாது. சக்தி வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர்தான், அதற்காகச் சக்தி வெளியீடு எல்லாம் 3-ல் வராது. கோட்டையூர் ஏ.கே. செட்டியார், நெற்குப்பை சோமலெ, ராயவரம் அழ. வள்ளியப்பா, மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கம், சிறுகூடல்பட்டி கண்ணதாசன், மகிபாலன்பட்டி பண்டிதமணி கதிரேசனார்: இவர்களில் ஒருவர்கூட இல்லாத பெட்டகம் நம் பக்கம் அரிது. ஏ.கே. செட்டியாரின் பயண நூல் 1, 3 இரண்டுக்கும், வள்ளியப்பா 3, 7 இரண்டுக்கும் பொருந்துவதால் அவர்களை 3-ல் வீணாக்காதீர்கள். 3-க்குக் கண்ணதாசன் போதும்.

மகிபாலன்பட்டிதான் பூங்குன்றம், ஆகவே புறநானூறு செட்டிநாட்டு நூல் என்று ஒருவர் வாதிடப் பார்ப்பார். ஒரே ஒரு பாட்டுக்காக 400 பாட்டைக் காட்ட முடியாது.

5-ல் "தமிழாக்கம்", "மொழிபெயர்ப்பு" சரி. "தழுவல்" என்று இருந்தால் வேண்டாம். தழுவியவர் கதையை எவ்வளவு மாற்றினார் என்பது உங்களுக்கும் தெரியாது, வட்டத்துக்கும் தெரியாது. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த கெட்டி அட்டைப் புத்தகங்களில் மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில் இருக்காது, உள்ளே பார்க்கவும்.

---

வளவுத்திண்ணை:

தொடர்கதைக் கட்டு புத்தகம் ஆகாது என்பது என் கட்சி. பதிப்பாளர் இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போயிருந்தாலும் தெரியாது. மலர்களும் அப்படித்தான். வாழ்த்துரை 40 பக்கம், விளம்பரம் 60 பக்கம்.

---

ஈயஎழுத்து:

மலர்களில் பாதியை நானும் தள்ளுவேன். ஆனால் எல்லா மலரும் ஒன்றில்லை. மணிவிழாவான சாந்திக் கல்யாணத்துக்குக் கொடுக்கும் புத்தகங்களில் இரண்டு வகை. ஒன்று வாழ்த்துத் தொகுப்பு. மற்றது தேவாரத் திரட்டோ, திருப்புகழோ, பழைய நூல் ஒன்றின் மறுபதிப்போ, மேலே "அன்பளிப்பு, விற்பனைக்கன்று" என்று போட்டு, முதல் நான்கு பக்கம் மட்டும் குடும்பப் படத்தோடு வரும். பின்னது முழுப் புத்தகம், 12-க்கு அப்படியே பொருந்தும். கும்பாபிஷேக மலரில் தல வரலாறு ஒரே ஆள் எழுதித் தொடர்ச்சியாக இருந்தால் அதைக் காட்டலாம். பத்துப் பேரின் கட்டுரை என்றால் விட்டுவிடலாம்.

தொடர்கதைக் கட்டை அப்படித் தள்ள முடியாது. பல தொடர்கள் நூலானபோது ஓவியங்கள் போய்விட்டன. படத்தோடு இருப்பது அந்தக் கட்டில்தான். அத்தியாய எண்களை ஒன்றிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். விடுபடாமல் "முற்றும்" வரை இருந்தால் புத்தகம், இல்லையென்றால் இல்லை. பக்கக் கணக்கில் எச்சரிக்கை: வார இதழ்ப் பக்கம் பெரியது, நூலாக வந்தால் கூடும். 11-க்குக் காட்டுவதானால் கட்டில் உள்ள பக்கத்தையே எண்ணுங்கள், "நூலாகியிருந்தால் 600 வரும்" என்ற கதை வேண்டாம். இதழின் பக்க எண்ணும் உதவாது, அது அந்த வாரத்து எண்.

பல பாக நூலில் பாகம் தனித்தனியாக பைண்டு ஆகியிருந்தால் ஒரு பாகம் ஒரு புத்தகம். *பொன்னியின் செல்வன்* ஐந்து பாகத்தையும் ஐந்து தலைப்பில் காட்ட நினைப்பது மட்டும் அழகில்லை.

---

வளவுத்திண்ணை:

அத்தியாய எண் சோதனையை ஒப்புக்கொள்கிறேன். பங்காளி பெட்டகம் எப்படி? வீடு பொது, பெட்டகம் அவர் புள்ளிக்கு (தனிக் குடும்பத்துக்கு) உரியது. அதிலிருந்து எடுத்தால் இரவல்தானே?

---

பெட்டியடி:

சாவி யாரிடமோ அவருக்கே.

---

இரண்டாங்கட்டு:

சிட்டை போட்டாயிற்று, 64 வரி. பேரேட்டு எண்ணிக்கை: 1-ல் 6, 2-ல் 9, 3-ல் 14, 4-ல் 3, 5-ல் 22, 6-ல் 2, 7-ல் 5, 8-ல் 2, 9-ல் 1, 10-ல் 31, 11-ல் 7, 12-ல் 17.

4-ல் உள்ள மூன்று: *சமைத்துப் பார்* (8, 12-லும் வருகிறது), லக்ஷ்மி நாவல் ஒன்று, கோதைநாயகி அம்மாள் நாவல் ஒன்று (2-லும் வருகிறது, உதிர்கிறது). 6-ல் உள்ள இரண்டு: மு.வ.வின் *தம்பிக்கு* (10-லும்), நேருவின் *உலக சரித்திரம்* தமிழ்ப் பதிப்பு (5, 11-லும்). 8-ல் மற்றது ஒரு தையற்கலைப் புத்தகம். 9-ல் *மனோன்மணீயம்* கல்லூரிப் பாடப் பதிப்பு மட்டும்.

2-ல் உள்ள ஒன்பதில் ஆறு உதிரும் நிலை. இரண்டில் பூச்சி ஓட்டை.

---

பெட்டியடி:

12 தலைப்பும் நிரம்பும், வரிசையாகப் போகலாம்.

9: *மனோன்மணீயம்*. முழு நூலில் ஐந்து அங்கம், 20 களம். பாடப் பதிப்புகளில் சிலது ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் போட்டிருக்கும், எண்ணிப் பாருங்கள். குறைந்தால் பழைய பாடப் புத்தகக் கட்டில் ஆங்கில நாடகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். தலைப்பு 9 மொழியைச் சொல்லவில்லை.

6: *தம்பிக்கு*. நேருவை இங்கே போடாதீர்கள். 196 கடிதம், அதைக் கடிதத் தலைப்பில் செலவழித்தால் மாதம் முழுக்க வேறு எதுவும் ஓடாது. 11-ல் ஏழு பேர் இருப்பதால் அங்கேயும் கட்டாயமில்லை. 6-க்கு மாற்று என்று எழுதி வையுங்கள்.

8: *சமைத்துப் பார்*. மாற்று, தையற்கலை. சமையல் புத்தகத்தைப் படித்து முடித்தேன் என்று எப்படிச் சொல்வது என்பதை வட்டத்தில் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. முன்னுரை, அளவுக் குறிப்பு, ஒரு பகுதி முழுதாக, அதிலிருந்து மூன்று பண்டம் செய்து பார்த்தது என்று வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

4: இப்போது மீதி இரண்டு. லக்ஷ்மியை 4-ல் வைத்து, கோதைநாயகி அம்மாளை 2-க்கு விடுங்கள். உதிர்கிறது என்பதால் 2-லும் அதை மாற்றாகவே வைத்து, நல்ல நிலையில் உள்ள மூன்றில் ஒன்றை முதலாக வையுங்கள்.

7-ல் ஐந்து, 1-ல் ஆறு, 11-ல் ஏழு. இவற்றில் ஒன்றுக்கொன்று மோதல் தெரியவில்லை. 3, 12, 5, 10 கடைசியில்.

நேரம்: உங்கள் வேகத்தை ஊகிக்காதீர்கள். அரை மணி நேரம் படித்துப் பக்கத்தை எண்ணுங்கள். அரை மணிக்கு 20 பக்கம் என்று வைத்துக்கொண்டால், 12 புத்தகமும் சேர்ந்து 2,640 பக்கம் வந்தால் 66 மணி நேரம். 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஒன்றேகால் மணி. கேட்க எளிது. ஆனால் மாதத்துக்கு ஒன்று என்று சமமாகப் பிரிப்பதுதான் கவிழ்க்கும், ஏனென்றால் 540 பக்கப் புத்தகம் தன் மாதத்தில் அடங்காது. அதை மாதக் கணக்கிலிருந்து வெளியே எடுத்து, நாளுக்கு 10 பக்கம் என்று சித்திரையிலேயே தொடங்கிவிடுங்கள். 54 நாள், வைகாசி முடிவதற்குள் போய்விடும். செய்யுள் நாடகத்துக்கு உரைநடை வேகம் வராது. *மனோன்மணீய*த்துக்குப் பாதி வேகம் போட்டுக் கணக்கிடுங்கள்.

---

வசம்பு:

உதிர்வதும் பூச்சியும் பற்றி. அவசரப்பட்டால் புத்தகம் போய்விடும்.

உதிர்வதற்குக் காரணம் தாளிலேயே இருக்கிறது. மரக்கூழை அரைத்துச் செய்த மலிவுத் தாளில் அமிலம் உண்டு. வெப்பத்தில் அது நாரை அரித்து, மஞ்சளாக்கி, முறியவைக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் கிடைத்ததில் அடித்ததால் 1940-களின் புத்தகங்கள் அவற்றுக்கு முந்தியவற்றைவிட மோசமாக இருக்கும். எழுத்தில்லாத ஒரு மூலையை நகக்கண் அளவு மடித்து, திருப்பி மடியுங்கள். இரண்டாம் மடிப்பிலேயே முறிந்தால் அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கையில் எடுக்காதீர்கள், படம் எடுத்துப் படியுங்கள்.

படம் எடுக்க: இரண்டு துண்டைச் சுருட்டி மேசைமேல் வைத்து, நடுவில் முதுகு அமரும்படி புத்தகத்தை வையுங்கள். 90 பாகைக்கு மேல் விரிக்க வேண்டாம். ஒரு பக்க அட்டை துண்டில் சாய்ந்திருக்க, முதலில் வலப்பக்கங்களை மட்டும் கடைசி வரை எடுங்கள், பிறகு திருப்பி இடப்பக்கங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தால் முதுகு பலமுறை அசைந்து தையல் விடும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில், ஃப்ளாஷ் வேண்டாம். முற்றத்துக்கு அடுத்த வளவுத் தாழ்வாரம் காலை ஒன்பது மணிக்கு மேல் இதற்கு அருமையான இடம், நேர் வெயில் படாதவரை. பத்திரிகைக் கட்டுகளில் பக்கத் தையல் போட்டிருப்பார்கள். உள்ஓர எழுத்து தெரியவில்லை என்று அழுத்தினால் தாள் தையல் வரிசையிலேயே கிழிந்துவரும். தெரியும் அளவு போதும்.

நாட்டுடைமையான ஆசிரியர் என்றால் தமிழ் இணைய நூலகத்திலேயே படிமம் இருக்கலாம். வீட்டில் இருக்கும் புத்தகத்தின் அதே பதிப்பைத் திரையில் படித்தால் போட்டி விதிக்கு முரண் என்று நினைக்கவில்லை. வேறு பதிப்பு என்றால் அது வேறு புத்தகம்.

கிழிசலுக்கு ஒட்டுநாடா போடவே கூடாது. நம் ஊர் வெயிலில் பசை உருகி மஞ்சளாகி அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். எச்சில் தொட்டுப் புரட்டவும் வேண்டாம். தாளுக்காக மட்டுமல்ல, பழைய பைண்டர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் என்ற விஷ உப்பைச் சேர்ப்பார்கள்.

பூச்சி: ஓட்டை வட்டமாக, உள்ளே சுரங்கம் போலப் போனால் வண்டுப் புழு. தாளின் மேல்தோலைச் சுரண்டியது போலிருந்தால் ராமபாணப் பூச்சி, அது பசையையும் மாவையும் தேடி வருவது. மண் கோடு தெரிந்தால் கரையான், அதற்குப் புத்தகத்தில் மருந்தில்லை, சுவரிலும் தரையிலும்தான் பார்க்க வேண்டும். பெட்டகத்தைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். பர்மாத் தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் தேக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே இருக்கும் காகிதத்துக்கு வரும்.

ஓட்டையைத் தட்டிப் பாருங்கள். புதுத் தூள் உதிர்ந்தால் புழு இன்னும் உள்ளே. புத்தகத்தை ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு போதாது. எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் வெளியே வையுங்கள். உடனே திறந்தால் காற்றின் ஈரம் முழுவதும் தாளில் வேர்த்துவிடும். பெரும்பாலும் புத்தகம் கெடுவது பூச்சியால் அல்ல, இந்தக் கடைசிப் படியில் பொறுமை இல்லாததால்.

வசம்பும் வேப்பிலையும் வராமல் தடுக்க உதவலாம், உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது (பெயரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது). பாச்சை உருண்டையைத் தாளின் மேல் நேரே வைக்காதீர்கள், படிக்க எடுப்பதற்கு முன் காற்றாட விடுங்கள். வெயிலில் காயவைக்கவே வேண்டாம், நிழலில் காற்று.

எந்த மாதத்தில் எது என்பதில் ஒன்று சேர்க்கிறேன். உதிரும் புத்தகங்களைச் சித்திரை, வைகாசியிலேயே படம் எடுத்து முடியுங்கள். மழைக்காலத்தில் தாள் சற்று வளைந்து கொடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் திறந்து வைத்த புத்தகம் பூஞ்சையை உள்ளே வாங்கிக்கொண்டு பெட்டகத்துக்குத் திரும்பும், அங்கே மற்றதற்கும் பரவும். அந்த இரண்டு மாதத்துக்கு ஆப்செட் அச்சுப் புத்தகங்களை வையுங்கள்: கண்ணதாசன், மொழிபெயர்ப்பு, 100 பக்கத்துக்குள்.

---

இரண்டாங்கட்டு:

*மனோன்மணீயம்* எண்ணிப் பார்த்தேன், 20 களமும் இருக்கிறது. பூச்சி ஓட்டை இரண்டிலும் ஒன்றில் புதுத் தூள் வருகிறது, மற்றதில் இல்லை. தூள் வருவது கோதைநாயகி அம்மாள் நாவல்தான், அதுவே உதிரும் புத்தகமும். உதிரும் தாளை ஃப்ரீசரில் வைக்கலாமா?

---

வசம்பு:

வைக்கலாம். குளிரால் மட்டும் உதிராது, கையாளும்போதுதான் உதிரும். மேலும் கீழும் புத்தகத்தின் அளவுக்கே வெட்டிய அட்டை ஒவ்வொன்று வைத்து, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, பிறகு பையில் போடுங்கள். மேலே எந்தப் பாத்திரமும் ஏற்ற வேண்டாம். இந்தப் பையில் காற்றை முழுவதும் அழுத்த வேண்டாம், அட்டை வளையாத அளவு போதும். பையின் மேல் தேதி எழுதி, "திறக்காதே" என்றும் எழுதிவிடுங்கள். ஃப்ரீசர் வீட்டில் எல்லோருக்கும் பொது.